கேரவனுக்குள் என்ன சத்தம்? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீர்ச் சத்தம் பற்றியவை. ‘டர்ர்’, ‘டொம்’, ‘களக் களக்’, ‘பொட பொட’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறீர்கள். இரட்டைக்கிளவிக்குப் பஞ்சமில்லாத மொழி என்பது பழுது பார்ப்பவர்களுக்குப் பெரிய வசதி. ஒரு வேண்டுகோள் மட்டும்: சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதையும் எழுதுங்கள். குழாய் திறந்திருக்கும்போதா, மூடிய நொடியிலா, யாரும் எதையும் தொடாத நேரத்திலா, ஹீட்டர் ஓடும்போது மட்டுமா? நான்கு விதமான பழுதுக்கும் பம்ப் ஒரே ‘டர்ர்’தான் போடும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நேரம்தான்.

கே: கேரவனுக்கு உள்ளேயே பொருத்திய 12 வோல்ட் பம்ப் எங்களுடையது. எல்லாக் குழாய்களும் மூடியிருக்க, இரவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ‘டர்ர்’ என்று ஒரு நொடி ஓடி நிற்கிறது. பம்ப் கட்டிலுக்கு அடியில் இருப்பதால் தூக்கம் போகிறது. எங்கும் ஈரம் தெரியவில்லை. பம்பை மாற்ற வேண்டியதுதானா?
– வாசகர், லெஸ்டர், பிரிட்டன்

ப: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்த வகை டயாஃப்ரம் (ரப்பர்ச் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும்) பம்பின் தலையில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது. பைப்பில் அழுத்தம் சுமார் 2 பார் ஆனதும் அது மோட்டாரை நிறுத்தும். ஒன்றரை பாருக்குக் கீழே இறங்கினால் மறுபடி ஓடவிடும் (எண்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்). தண்ணீர் அமுங்காத பொருள். அதனால் மூடிய பைப்பிலிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் நழுவினாலே அழுத்தம் பொத்தென்று விழும், பம்ப் விழித்துக்கொள்ளும். அந்த ஒரு ஸ்பூன் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூன்று வழிகளில் போகலாம். ஒன்று, வெளியே கசிவது. இரண்டு, பம்புக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் வந்த வழியே தொட்டிக்குத் திரும்புவது. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: ஹீட்டரை அணைத்தபின் உள்ளே இருக்கும் வெந்நீர் ஆறிச் சுருங்குகிறது. 10 லிட்டர் தண்ணீர் 70 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 200 மில்லி குறையும். அந்த இடத்தை நிரப்பப் பம்ப் ஓடித்தானே ஆக வேண்டும்? முன்னிரவில் அடிக்கடி ஓடி, போகப்போக இடைவெளி கூடி, விடியற்காலையில் அடங்கிவிட்டால் இதுதான் காரணம். அது பழுதே இல்லை. ஓர் இரவு ஹீட்டரைப் போடாமலே விட்டுப் பாருங்கள். அப்போதும் கடிகாரம் வைத்ததுபோல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் முதல் இரண்டில் ஒன்று.

அவற்றைப் பிரிக்க, பம்பிலிருந்து வெளியேறும் பக்கம் மூடும் வால்வு இருந்தால் அதை மூடுங்கள். இல்லையென்றால் பம்ப் ஸ்விட்சை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, வெளியேறும் ஹோஸைக் கழற்றி அந்த வாயில் ஒரு மூடியைப் போட்டு இறுக்குங்கள். பிறகு பம்பைப் போடுங்கள். ஒரு நொடி ஓடி நின்று, ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் பம்ப் நல்ல பம்ப். கசிவு அதைத் தாண்டி எங்கோ இருக்கிறது. மூடியபிறகும் விட்டுவிட்டு ஓடினால் வால்வுதான். அதற்கும் புதுப் பம்ப் வாங்க வேண்டியதில்லை. தொட்டியில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல் ஒன்று வால்வு ரப்பருக்கு அடியில் சிக்கியிருப்பது சகஜம். தலைப்பகுதியின் ஸ்குரூக்களைக் கழற்றி, ரப்பர்த் தகடுகளை நல்ல தண்ணீரில் கழுவி, இருந்த திசையிலேயே திரும்பப் பொருத்துங்கள். கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. ரப்பர் வளைந்திருந்தால் வால்வு கிட் தனியாகவே கிடைக்கிறது.

வெளிக்கசிவு என்று தெரிந்தால் கண்ணை நம்பாதீர்கள். டிஷ்யூ பேப்பரை நம்புங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒரு துண்டைச் சுற்றி வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்பது தரைவிரிப்பு குடித்துவிடும் அளவு, குட்டையாகத் தேங்காது. பலரும் பார்க்க மறக்கும் இடங்கள் மூன்று: வெளிப்புற ஷவர் இணைப்பு, கேசட் (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) கழிவறையின் ஃபிளஷ் வால்வு (கிண்ணத்தின் உட்சுவரில் மெல்லிய ஈரக்கோடு தெரியும்), ஹீட்டரின் வடிகால் வாய். கடைசியது வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்திருப்பதால் உள்ளே ஈரமே தெரியாது. அதன் கீழே ஒரு கப் வைத்துவிட்டுப் படுங்கள்.

அந்த வடிகால் பற்றி இன்னொன்று. ட்ரூமா கம்பெனி ஹீட்டர்களில் இருக்கும் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் வால்வு, தன்னைச் சுற்றியுள்ள குளிர் சுமார் 3 டிகிரிக்கு வந்தால் தானாகத் திறந்து ஹீட்டரைக் காலி செய்துவிடும். உறைந்த தண்ணீர் தொட்டியைப் பிளக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அப்போது பம்ப் ஒரு நொடி ஓடி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் அக்டோபர் பின்னிரவுகளிலேயே இது நடக்கும். வால்வைச் சுற்றியுள்ள இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை அதை மூடும் பொத்தான் உட்காராது. அறை ஹீட்டரைப் போட்டு அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் போதும். துணி கிளிப் மாட்டி வலுக்கட்டாயமாக மூடி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பனி இரவில் அந்தக் கிளிப்பின் விலை ஒரு புது ஹீட்டர்.

கண்டுபிடிக்கும்வரை படுக்கப்போகுமுன் பம்ப் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பழுது சரியான பிறகும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். இரவில் ஒரு இணைப்பு கழன்றால் தொட்டி முழுவதும் தரைக்கு வராமல் இருக்கும்.

கே: கேரவன் பார்க்கின் குழாயில் ஹோஸ் இணைக்கும்போது மட்டும், சமையலறைக் குழாயை மூடினால் சுவருக்குள் ‘டொம்’ என்று இடிக்கிறது. சொந்தத் தொட்டியிலிருந்து பம்ப் ஓட்டினால் இந்தச் சத்தம் இல்லை.
– வாசகி, மெல்போர்ன்

ப: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பம்ப் தருவது 2 பார், அதாவது 200 கிலோபாஸ்கல் சுற்றுவட்டாரம். ஊர்க் குழாயில் 500 கிலோபாஸ்கலும் அதற்கு மேலும் வரலாம். கைப்பிடிக் குழாயைச் சட்டென்று மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று தன் வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. உள்விட்டம் 9 மில்லிமீட்டர் பைப்பில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். கேரவன்களில் போடும் பிளாஸ்டிக் பைப்பில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை நொடிப்பொழுதில் நிறுத்தினால் சுமார் 4 பார் கூடுதல் அழுத்தம் எழும். செம்பு பைப்பாக இருந்தால் அதைப்போல மூன்று மடங்கு. அந்த உதையில் பைப் துள்ளிச் சுவர்ப்பலகையில் மோதுவதுதான் உங்கள் ‘டொம்’. சத்தத்தைவிட, உதை வாங்கும் இணைப்புகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

350 கிலோபாஸ்கல் அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்று வாங்குங்கள். அதை வண்டிப் பக்கம் மாட்டாமல் பார்க்கின் குழாய்ப் பக்கம் மாட்டுங்கள், ஹோஸும் பிழைக்கும். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்க வேண்டும். அடுத்து, பைப் ஓடும் அலமாரிகளைத் திறந்து, ஒருவரைக் குழாயை மூடித் திறக்கச் சொல்லிக் கையால் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். துள்ளும் இடம் கைக்குத் தெரியும். அங்கே 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் போட்டு, பலகையைத் துளைத்துப் போகும் இடங்களில் பைப்பைச் சுற்றி நுரை உறை செருகுங்கள். இதற்கு மேலும் இடித்தால் ஒரு சிறிய அக்யூமுலேட்டர் (உள்ளே காற்று மெத்தை வைத்த சிறு கலன்) அந்த உதையை வாங்கிக்கொள்ளும்.

வால்வு மாட்டியபிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வரலாம். குழாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது மட்டும் வந்து, நன்றாகத் திறந்தால் மறைந்தால் அது வால்வின் ஸ்பிரிங் நடுங்குவது, விட்டுவிடுங்கள்.

விடக் கூடாத சத்தம் ஒன்று உண்டு. ஊர்க் குழாய் இணைப்பில் இருக்கும்போது, எதுவும் திறக்காமலே எங்கோ ‘ஸ்ஸ்ஸ்’ என்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், வண்டிக்கு அடியில் குனிந்து தொட்டியின் காற்றுக்குழாயைப் பாருங்கள். அங்கிருந்து தண்ணீர் வழிந்தால், ஊர்த் தண்ணீர் பம்பின் வால்வைத் தாண்டிப் பின்பக்கமாகத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன அதே வால்வுப் பழுது, எதிர்த்திசையில். காற்றுக்குழாய் அடைத்திருந்தால் தொட்டி உப்பி வெடிக்கும், ஆகவே உடனே ஊர்க் குழாயை மூடுங்கள்.

கே: கட்டிலடிப் பம்ப் ஓடும்போது வண்டி முழுக்க மத்தளம் கொட்டுவது போல அதிர்கிறது. புதிதாக வாங்கியபோது இவ்வளவு இல்லை.
– வாசகர், பெர்த்

ப: மத்தளம் என்பது சரியான சொல். மெல்லிய பிளைவுட்டில் அறைந்த பம்ப், தோல் போர்த்த பாண்டத்தில் விரலால் தட்டுவதற்குச் சமம். பம்பின் நான்கு ரப்பர்க் கால்களையும் பாருங்கள். ஸ்குரூவை முழுக்க முறுக்கி ரப்பரை நசுக்கியிருந்தால் அது ரப்பராக வேலை செய்யாது. ரப்பர் லேசாக அமுங்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். கீழே 18 மில்லிமீட்டர் கனமான பலகைத் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் பம்பை வைத்தால் இன்னும் நல்லது. விறைப்பான பைப்பை நேரடியாகப் பம்பில் இணைத்திருந்தால் அதிர்வு அந்த வழியாகவே ஷவர் அறைவரை போகும். இரு பக்கமும் 40–50 சென்டிமீட்டருக்கு வளையும் ஹோஸ் போட்டு, ஒரு தளர்வான வளைவு விட்டு இணையுங்கள். உறிஞ்சும் பக்கம் நூல் பின்னல் உள்ள ஹோஸாக இருக்க வேண்டும். வெறும் ரப்பர் என்றால் உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு வேறொரு சத்தம் கிளப்பும்.

சத்தத்தை அடக்கப் பம்பை நுரையால் முழுவதுமாகச் சுற்றி மூடாதீர்கள். மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும்.

“முன்பு இவ்வளவு இல்லை” என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் காரணம் பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி. கண்ணாடி மூடியைத் திருகிக் கழற்றி, வலையைப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். திரும்ப மூடும்போது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது கோணலாக இருந்தால் பம்ப் அங்கே காற்றை உறிஞ்சும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் சொட்டாது. காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். ஈரம் தேடி அலுத்துப்போகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். சந்தேகம் தீர, தொட்டி ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு மீட்டர் ஒளிபுகும் ஹோஸைப் பம்பில் மாட்டி ஒரு வாளித் தண்ணீரில் விட்டு ஓட்டுங்கள். சத்தம் சரியானால் பழுது தொட்டிக்கும் வடிகட்டிக்கும் நடுவில். வாளியிலிருந்தும் அதே முரட்டுச் சத்தம் வந்தால் பம்ப்.

கடைசியாக, மின்சாரம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளிலேயே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் பார்த்துப் பயனில்லை. 7 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 5 மீட்டர் தொலைவிலிருந்து 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால், போக வர 10 மீட்டரில் 1.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அதில் பாதி. முனையில் 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பம்ப் திணறி முனகுவதற்கு ஒயரும் துருப்பிடித்த ஃபியூஸ் தாங்கியுமே காரணம்.

கே: சென்னையில் படப்பிடிப்புக்கு ஓடும் கேரவன். ஜெனரேட்டரில் ஓடும் 230 வோல்ட் பிரஷர் பம்ப், கூடவே 24 லிட்டர் பிரஷர் டேங்க். சில மாதங்களாக, உள்ளே யாராவது கை கழுவினாலே பம்ப் ‘டக்… விர்… டக்… விர்’ என்று நிமிடத்துக்குப் பத்துத் தடவை விழுந்து எழுகிறது. லைவ் சவுண்ட் எடுக்கும் நாட்களில் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள்.
– ஓட்டுநர், சாலிகிராமம்

ப: டேங்கில் காற்று இறங்கிவிட்டது. செலவு, பங்சர் கடையில் காற்றடிக்கும் காசு.

அந்த டேங்குக்குள் ஒரு ரப்பர்ப் பை. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. பம்ப் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஆரம்பித்து 40-ல் நிற்கும் அமைப்பு என்றால், காற்று சரியாக இருக்கும் 24 லிட்டர் டேங்க் பம்பை எழுப்பாமலே சுமார் 8 லிட்டர் தண்ணீர் தரும். காற்று போய்விட்டால் தாங்கிப் பிடிக்க மெத்தை இல்லை. குழாயைத் திறந்தவுடன் அழுத்தம் விழும், பம்ப் எழும், எழுந்தவுடன் 40 ஆகிவிடும், நிற்கும். பிரஷர் ஸ்விட்சின் காண்டாக்ட் தீய்ந்துபோவதும் இதனால்தான்.

பம்பின் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதும் வடியும்வரை விடுங்கள், திறந்தபடியே இருக்கட்டும். டேங்கின் பின்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குள் டயரில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். டயர் கேஜை வைத்துப் பாருங்கள். பம்ப் ஆரம்பிக்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, உங்கள் கணக்கில் 18, இருக்க வேண்டும். குறைந்தால் சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். தண்ணீரை வடிக்காமல் கேஜ் வைத்தால் அது தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டி ஏமாற்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டால் பை கிழிந்துவிட்டது. முன்பக்க விளிம்பின் போல்ட்டுகளைக் கழற்றினால் பை வெளியே வரும், அதை மட்டும் மாற்றலாம். வாங்கப் போகும்போது பழைய பையைக் கையோடு கொண்டு போங்கள். வாய் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

12 வோல்ட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே தத்துவம்தான். குழாயை மெல்லிசாகத் திறந்தால் பம்ப் ‘டட டட டட’ என்று திக்குகிறதா? பம்புக்கு அடுத்தாற்போல் ஒரு லிட்டர் அக்யூமுலேட்டர் மாட்டுங்கள். அதிலும் காற்று அளவை இதே முறையில் சரிபாருங்கள்.

கே: எங்கள் டிரெய்லரின் எரிவாயு வாட்டர் ஹீட்டர் சூடாகும்போது சோளம் பொரிவது போல ‘பொட பொட’ என்கிறது. சில நாட்கள் பற்றும்போதே ‘டம்’ என்று ஒரு சத்தம். வெளியே பித்தளை வால்விலிருந்து சொட்டுகிறது.
– வாசகர், டொரன்டோ

ப: மூன்று சத்தத்துக்கும் மூன்று காரணம். ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறோம். பற்றும்போது வரும் ‘டம்’ தண்ணீர்ச் சத்தமே இல்லை. எரிவாயு வந்து சேர்ந்தபின் தாமதமாகப் பற்றுகிறது. வட அமெரிக்காவில் இதற்கு வழக்கமான குற்றவாளிகள் சிலந்தியும் மண்குளவியும். பர்னர் குழலுக்குள் கூடு கட்டி, காற்றும் வாயுவும் கலக்கும் வழியை அடைத்துவிடும். வாயுவை மூடிவிட்டு, தெரிந்த டெக்னீஷியனைக் கொண்டு குழலைச் சுத்தம் செய்து சுடரைச் சரிபார்க்கும்வரை அந்த ஹீட்டரைப் பற்றவைக்க வேண்டாம்.

பொரியும் சத்தம் சுண்ணாம்பு. கடினநீரைச் சூடாக்கும்போது படியும் உப்பு தொட்டியின் அடியில் கட்டியாகிறது. அதற்கு அடியில் சிக்கிய தண்ணீர் உலோகச் சூட்டில் ஆவியாகி, மேலே வந்ததும் குளிர்ந்த தண்ணீர் பட்டு உடைகிறது. கரி பிடித்த பாத்திரத்தில் பால் காய்ச்சுவது போலத்தான்: அடி தீய்கிறது, மேலே சூடு ஏறுவதில்லை.

வாயு, மின்சாரம், பம்ப் எல்லாவற்றையும் நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் ஆறவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கியபிறகே வடிகால் அடைப்பைத் தொடுங்கள்; இல்லாவிட்டால் முகத்தில் அடிக்கும். சபர்பன் கம்பெனியுடையது போன்ற எஃகுத் தொட்டி ஹீட்டர்களில் அடைப்போடு சேர்ந்தே ஒரு மெக்னீசியம் தண்டு வெளியே வரும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வதே அதன் வேலை. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அலுமினியத் தொட்டிகளில் இந்தத் தண்டு கிடையாது. திறந்த வாய் வழியாக மெல்லிய குழலால் தண்ணீரைப் பீய்ச்சி, வெள்ளைத் துகள் வருவது நிற்கும்வரை அலசுங்கள்.

கட்டி அசையவில்லை என்றால் லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்பதும் அதுதான். 6 காலன் தொட்டி, அதாவது 23 லிட்டருக்கு, ஏறக்குறைய 450 கிராம் கரைத்துத் தொட்டியை நிரப்பி இரவு முழுக்க விட்டு, மறுநாள் மூன்று முறை அலசுங்கள். அந்த நேரத்தில் மெக்னீசியம் தண்டு உள்ளே இருக்கக் கூடாது. அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். ஒரு சாதாரண அடைப்பால் மூடிக்கொள்ளுங்கள். திரும்பப் பற்றவைக்குமுன் வெந்நீர்க் குழாயில் துப்பாமல் சீராகத் தண்ணீர் வருகிறதா பாருங்கள். காலித் தொட்டியில் ஒருபோதும் நெருப்பு வைக்கக் கூடாது.

சொட்டும் வால்வுக்கு வருவோம். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கத் தொட்டியின் மேற்பகுதியில் ஒரு காற்று மெத்தை இருக்க வேண்டும். நாளடைவில் அது தண்ணீரில் கரைந்து போகும். பிறகு சூடாகும் ஒவ்வொரு முறையும் வால்வு சொட்டும். ஹீட்டரை ஆறவிட்டு, பம்பை அணைத்து, ஊர்க் குழாய் இணைப்பையும் மூடி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். பித்தளை வால்வின் கைப்பிடியைத் தூக்கித் தண்ணீர் வருவது தானாக நிற்கும்வரை பிடித்து, பிறகு ‘பட்’டென்று மூடவிடுங்கள். மெத்தை திரும்பிவிடும். அதற்குப் பிறகும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். அடைப்பு போட்டு மூடுவது மட்டும் வேண்டாம். தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த ஒரு வால்வுதான்.

கே: டெம்போ டிராவலரை நாங்களே கேரவனாக மாற்றினோம். பின்பக்கம் குறுக்கே 100 லிட்டர் தொட்டி. வால்பாறை ஏறும்போது வளைவுக்கு வளைவு ‘சளக்… தொம்’. அதன்பின் குழாயில் தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, 100 கிலோ தண்ணீர் ஒவ்வொன்றிலும் பக்கம் மாறிச் சுவரில் மோதுகிறது. சத்தம் மட்டுமல்ல, வண்டியின் பின்பக்கமும் தள்ளப்படும். பாதித் தொட்டிதான் மோசம். மலை ஏறுமுன் ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லையேல் 20 லிட்டருக்குக் குறைத்துக்கொண்டு மேலே போய் நிரப்புங்கள். நிரந்தரத் தீர்வு, துளையிட்ட குறுக்குத் தடுப்புகள் உள்ள தொட்டி, அல்லது அடியில் இணைத்த இரண்டு 50 லிட்டர் தொட்டிகள். ‘தொம்’ மட்டும் தனியாகக் கேட்டால் தொட்டியே நகர்கிறது; தகரப் பட்டையும் ரப்பர் விரிப்பும் போட்டு, பட்டையை வண்டியின் சட்டத்தில் போல்ட் செய்யுங்கள், பலகையில் அல்ல.

தண்ணீர் துப்புவது, வளைவில் உறிஞ்சும் வாய் காற்றில் வெளிப்படுவதால். வாய் ஓரத்தில் இருந்தால் நடுவே அடிப்பகுதிக்கு மாற்றுங்கள். ஓடும்போது பம்ப் ஸ்விட்சை அணைத்தே வையுங்கள்.

கே: வெளியே வைக்கும் 40 லிட்டர் உருளையில் போடும் மூழ்கு பம்ப், ‘கீய்ங்’ என்று உச்சஸ்தாயியில் கத்துகிறது, தண்ணீர் வரவில்லை.
– வாசகி, லூட்டன்

ப: காற்றுக்குமிழி. பம்பைத் தண்ணீருக்குள்ளேயே ஹோஸைப் பிடித்து ஆட்டி, உருளையின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். ‘களுக்’ என்று ஒரு குமிழி வெளியேறியதும் சத்தம் தணிந்து தண்ணீர் ஏறும். அரை நிமிடத்துக்கு மேல் அப்படிக் கத்தவிடாதீர்கள். தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. திரும்பத் திரும்ப வந்தால் வண்டிச் சுவரில் செருகும் பிளக்கின் ஓ-ரிங்கைப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாசலைன் சில ரப்பரை உப்ப வைத்துவிடும்.

குழாயை மூடியபின்னும் இதே பம்ப் நிற்காமல் ஓடினால் இரண்டு வாய்ப்பு. பிரஷர் ஸ்விட்ச் வைத்த வண்டியில், பேட்டரி இறங்கிவிட்டதால் நிறுத்தும் அழுத்தத்தை எட்ட முடியவில்லை; பேட்டரியை ஏற்றுங்கள், அல்லது ஸ்விட்சின் திருகைக் குறைவுப் பக்கம் கால் சுற்று திருப்புங்கள். குழாய்க்குள்ளேயே மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும் வண்டியில், ஒன்றில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு குழாயின் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பம்ப் நிற்கிறதோ அதுதான்.

கே: சமையலறை சிங்க்கில் தண்ணீரை விட்டால் ஷவர் அறையின் தரைத்துளை ‘களக் களக்’ என்று பேசுகிறது. சில சமயம் நாற்றமும்.
– வாசகர், குரோய்டன்

ப: கழிவு ஹோஸில் காற்று போக வழியில்லை, அது ஷவர் வழியாக மூச்சு விடுகிறது. வெளியே கழிவுக் கலனுக்குள் விட்டிருக்கும் ஹோஸ் முனையை முதலில் பாருங்கள். அது தேங்கிய நீருக்குள் முங்கியிருந்தால் மேலே தூக்கி வையுங்கள், கலனின் காற்று மூடியையும் திறந்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் நெளி ஹோஸ் தொட்டில் போலத் தொங்கும் இடங்களில் கொழுப்பும் தண்ணீரும் தேங்கும். கிளிப் போட்டு, மீட்டருக்கு 2–3 சென்டிமீட்டர் சரிவு கிடைக்கும்படி இழுத்துக் கட்டுங்கள். வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறீர்களா என்பதும் முக்கியம். மூக்கு கொஞ்சம் தூக்கினாலே சில வண்டிகளில் ஷவர் நீர் எதிர்ப்பக்கம் ஓடும். நாற்றத்துக்கு, ஒரு கெட்டில் சூடான தண்ணீரில் (கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் தளரும்) இரண்டு ஸ்பூன் சலவை சோடா கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து அலசுங்கள்.